மஞ்சள் பொடி, வெள்ளை மை

என் அண்ணி எதைத் திறந்தாலும் அதன் மேல் தேதி எழுதிவிடுவார். ஷாம்பு, இருமல் மருந்து, சுவர்க் கடிகாரத்து பேட்டரி. "என் முதுகை மட்டும் விட்டு வச்சிருக்கா" என்பான் அண்ணன். "உங்களுக்குத்தான் கல்யாணப் பத்திரிகையிலயே தேதி இருக்கே" என்பார் அண்ணி.

நானும் அண்ணியும் ஒரே அச்சு மை ஆலையில் வேலை செய்கிறோம். நான் ஆய்வுக்கூடம், அவர் நிறம் பார்க்கும் பிரிவு. நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, இப்போது மேனேஜர் உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணிதான்.

நான் தனியாகச் செய்யும் முதல் வேலை ஒரு வெள்ளை மை. களிம்பு டியூப் அச்சடிக்கும் ஒரு நிறுவனம் பழைய பாதரச விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டியிருந்தது. விளக்கு மாறினால் மையில் கலக்கும் இனிஷியேட்டரும் மாற வேண்டும். வெளிச்சத்தை வாங்கி, ஈர மையை நொடியில் இறுக வைக்கும் பொடி அது. வெள்ளையில் கூடுதல் தொல்லை உண்டு. வெள்ளை நிறம் தரும் தூளே வெளிச்சத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும், அடிவரை போக விடாது.

இரண்டு பொடிகளை வைத்துக்கொண்டு திண்டாடினேன். ஒன்று கிட்டத்தட்ட நிறமில்லாதது. மை மேலே உலர்ந்தது. ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்தால் முழுசாக உரிந்து வந்தது, அடியில் ஈரம். இன்னொன்று நல்ல மஞ்சள். நாடா சுத்தமாக வந்தது. ஆனால் விளக்கடியிலிருந்து எடுத்த கையோடு நிறமானியில் வைத்தால் மஞ்சள் நான்கைத் தாண்டியது. வரம்பு இரண்டு. மை பூசிப் பார்த்த பத்து அட்டைகளும் அப்படியே. நோட்டில் 'நிராகரிப்பு' என்று எழுதி, அட்டைகளைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

மறுநாள் காலை மேனேஜர் நோட்டைப் பார்த்தார்.

"மஞ்சப் பொடி போட்டா மஞ்சளாத்தானே இருக்கும்? மத்ததையே குடு. மெஷினை மெதுவா ஓட்டச் சொல்லிக்கலாம். ரெண்டு மணிக்கு டியூப் கம்பெனி ஆள் வராரு. இதுவும் சரியா வரலைன்னா வேலையை சீனியர்கிட்ட குடுத்துடறேன், வருத்தப்படாத."

பாதி வேகத்திலும் உரிகிறது என்று சொல்ல நினைத்தேன். "சரி சார்" என்றுதான் வந்தது.

அவர் போன பிறகு அண்ணி கேட்டார். "சரி சார் சொல்றதுக்கா மூணு வருஷம் கெமிஸ்ட்ரி படிச்ச? இங்க வா."

அவர் மேசைக்கு மேலே ஜன்னல் கண்ணாடியில் என் அட்டைகள் ஐந்து ஒட்டியிருந்தன.

"குப்பையில போட்டதை ஏன் அண்ணி எடுத்தீங்க?"

"பாக்காம எதையும் போக விடமாட்டேன். உங்க அண்ணனைக் கேட்டுப் பாரு."

அட்டைகளின் பின்னால் பொடிப் பொடியாக எழுத்து. நேற்று காலை பதினொரு மணி, மஞ்சள் நான்கேகால். மாலை ஐந்து மணி, இரண்டரை. இன்று காலை ஒன்பது மணி, ஒன்று.

"உன் பொடி பேரெல்லாம் என் வாயில நுழையாது. ஆனா மஞ்சள் போயிட்டே இருக்கு. நீ சுடச்சுட அளந்துட்ட."

வெளிச்சத்தை வாங்கும்போது அந்தப் பொடி உடைகிறது. உடைந்தால் அதன் மஞ்சளும் போகும். விளக்கு கிளப்பிவிட்ட நிறமும் மெல்ல அடங்கும். புத்தகத்தில் அந்த வரிக்கு அடிக்கோடு போட்டவள் நான். காத்திருந்து பார்த்தவர் அவர்.

ஆனால் டியூப்கள் ஜன்னலில் இருக்காது, பெட்டிக்குள் போகும். "இருட்டுல வச்சா?" என்றேன்.

அண்ணி இழுப்பறையைத் திறந்தார். மீதி ஐந்து அட்டைகள், கறுப்புத் தாளில் சுற்றி. அவற்றிலும் நேரம். அவையும் வெளுத்திருந்தன, சற்று மெதுவாக. கடைசி எண் ஒன்று புள்ளி எட்டு, வரம்புக்குள்.

யாரும் சொல்லாமலே பாதியை இருட்டில் வைத்திருக்கிறார். நான் அந்த ஐந்தையும் கையில் வாங்கினேன். குப்பையில் போட்ட கை அது.

"நீங்களே சொல்லிடுங்களேன் அண்ணி."

"மஞ்சள் போச்சுன்னு சொல்வேன். ஏன் போச்சுன்னு கேட்டா? நீ வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

இரண்டு மணிக்கு டியூப் நிறுவனத்தின் மெஷின் ஆபரேட்டர் வந்தார். மேனேஜர் நிறமில்லாத பொடி போட்ட மையை எடுத்தார்.

"சார், அது வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். பிறகு ஏன் என்றும் சொன்னேன், தரையைப் பார்த்துக்கொண்டே. அண்ணி பத்து அட்டைகளையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

மேனேஜர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணி எழுதினா நேரம் தப்பா இருக்காது" என்றார். மஞ்சள் பொடி மையை அவரே எடுத்து வெறும் டியூப்பில் பூசி, விளக்கடியில் விட்டார்.

ஆபரேட்டர் கட்டைவிரலால் அழுத்தித் திருகினார். டியூப்பைக் கசக்கினார். நாடா ஒட்டி இழுத்தார். மை அசையவில்லை.

"பிடிச்சிருக்கு. ஆனா இப்ப மஞ்சளாத்தான இருக்கு? எங்க ஆளுங்க மெஷினை நிறுத்திடுவாங்களே."

"நிறுத்த வேணாங்க. டியூப் பின்னால நேரம் எழுதிட்டு, மறுநாள் அளங்க" என்றேன்.

"இந்த வேலை உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் மேனேஜர்.

ஆபரேட்டர் டியூப்பைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பேனாவுக்காகச் சட்டைப்பையைத் தடவினார். அண்ணி ஏற்கெனவே மூடியைக் கழற்றி நீட்டிக்கொண்டிருந்தார்.