உள்பூட்டு

மூவாயிரத்து நானூறு ரூபாய் பாக்கி இருந்தது. மூட்டை தூக்குகிறவன் தன் மடிக்கணினியைக் கிடங்கு மேஸ்திரியிடம்தான் பழசாகத் தவணைக்கு வாங்கியிருந்தான். கடைசித் தவணை வரும்வரை கணினியின் அடி அமைப்பைத் திறக்கும் பயாஸ் பாஸ்வேர்டு தன்னிடமே இருக்கும் என்று மேஸ்திரி சொன்னபோது தலையாட்டினான். மச்சினன் வந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டுக் கொடுத்தான்.

நாற்பதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றவன். இரண்டு மாதமாக ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பத்தொன்பது பக்கம் சேர்த்திருந்தான். கிடங்கில் பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து கூட்டாளி செத்த அன்று கண்டது எல்லாம் அதில் இருந்தது. சங்கிலி தேய்ந்துவிட்டது என்று மேஸ்திரியிடம் மூன்று முறை சொன்னதும் இருந்தது. நாளைக் காலை விசாரணையில் அதைக் கொடுக்க வேண்டும்.

நேற்று திரை ஏதோ நீளமாகக் கேட்டது. கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். படிக்கத் தெரிந்த சொல்லாயிற்றே என்று சந்தோஷமாக அழுத்திவிட்டான். இன்று கறுப்புத் திரையில் ஒரே ஒரு இங்கிலீஷ் வரி. உடனே அணைந்துபோகிறது.

"பயாஸ் அப்டேட்டுக்குச் சரி சொல்லிட்டீங்க மாமா," என்றான் மச்சினன் போனில். "முத்திரை பாத்துத்தான் அது லினக்ஸை உள்ள விடும். நம்ம பழைய முத்திரை இனிமே செல்லாதாம். பயாஸுக்குள்ள போய் செக்யூர் பூட்டுங்கற அந்தச் சோதனையை அணைச்சாத் திறந்துடும். பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கு?"

"மேஸ்திரிகிட்ட."

"அப்ப எழுதுனது இருக்கிற டிஸ்க்கைக் கழட்டி எடுத்துடலாம். ஆனா நான் வர ரெண்டு நாள் ஆகும் மாமா."

"அந்த ஆள்கிட்டயே போய் நிக்கப் போறீங்களா? புத்தி கித்தி பிசகிடுச்சா?" என்று மனைவி வாசலை மறித்தாள். அவளை விலக்கிவிட்டு மடிக்கணினியோடு கிடங்குக்குப் போனான்.

"வாய்யா, எழுத்தாளரே!" மேஸ்திரி சிரித்தபடி இடது கையால் விசைகளை மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டி அந்தச் சோதனையை அணைத்தார். திரை வெளிச்சமானது. நடுவில் ஒரே ஒரு கோப்பு, 'சங்கிலி' என்ற பெயரில்.

"குடுங்கண்ணே, நான் கிளம்புறேன்."

"இருப்பா."

மேஸ்திரி படித்தார். உதடு அசையவில்லை. இரண்டு மாதம் பிடித்த பத்தொன்பது பக்கமும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துபோனது. கதவுக்கும் இவனுக்கும் நடுவே மேஸ்திரியின் நாற்காலி.

"மூவாயிரத்து நானூறுதானே? விட்டுத் தள்ளு. இனிமே நீ எனக்கு ஒண்ணும் தர வேணாம்."

சொல்லிக்கொண்டே எதையோ சொடுக்கினார். திரையில் 'அழிக்கவா?' என்று சின்னதாக ஒரு கட்டம் முளைத்தது. அதன் அடியில் இருந்த 'சரி' இவன் நின்ற இடத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்தது. அம்புக்குறி அதன்மேல் போய் நின்றது. மேஸ்திரி திரும்பி இவன் முகத்தைப் பார்த்தார்.