சோதனைப் பட்டியல்

கோரின் அந்தக் குறுஞ்செய்தியைக் காலை எட்டு மணிக்கு அனுப்பினாள். போன வாரமே அனுப்பியிருக்க வேண்டியது. முன்பின் தெரியாத ஒருவரிடம் அனுமதி கேட்பதென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் கேட்டாலும் அப்படித்தான்.

'அராசெலி, நான் கல்லூரித் தயாரிப்புத் திட்டத்திலிருந்து கோரின். உன் பெயரைச் சொல்லாமல் உன் பதில்களை இன்று ஒரு மாநாட்டில் காட்டலாமா?'

ஸ்போகேன் நகரில் ஒரு ஓட்டலின் கீழ்த்தளத்தில் மாநாடு. பள்ளி முடிக்கும் பிள்ளைகளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையில் இருப்பவர்கள் முந்நூறு பேர் வந்திருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் பெயரட்டை, அட்டைக்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிய வண்ண ரிப்பன்கள். பழைய ஆட்களுக்கு அது தொப்புள்வரை தொங்கியது. கோரினுக்கு இரண்டுதான்: 'முதல்முறை', 'பேச்சாளர்'.

"என்ன, நம்ம நட்சத்திரம் சரின்னுட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே தட்டோடு வந்து உட்கார்ந்தாள் லொரெய்ன். திட்டத்தின் இயக்குநர். அவளுக்கு எட்டு ரிப்பன்.

"இன்னும் பதில் வரல."

"அவளா பதில் போடாம இருப்பா? இருபத்து மூணு செய்திக்கு இருபத்து மூணு பதில் போட்டவடி அவ. முட்டைய சாப்பிடு, ஆறுது."

கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகளில் பலர் செப்டம்பரில் வகுப்புக்கு வருவதில்லை. கோடையில் எங்கோ கரைந்துபோவார்கள். அதைத் தடுக்கத்தான் யாகிமா பள்ளத்தாக்கின் அறுபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஜூனிலிருந்து செவ்வாய்தோறும் காலை பதினோரு மணிக்கு ஒரு செய்தி போய்க்கொண்டிருந்தது. கணினியே பெயர் போட்டு அனுப்பும், வருகிற பதில்களை எண்ணிக்கொள்ளும். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் முழுக்க இது உண்டு. கோரின் வேலைக்கு வந்தது ஆகஸ்டில். அவளுக்கு முன்னால் இருந்தவர் ஜூனிலேயே போய்விட்டார். பிள்ளைகளில் ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. எண்களாகத் தெரியும்.

நாற்பத்தொன்றாம் எண் ஒரு செய்தியைக்கூட விட்டதில்லை. 'விடுதிக்குப் போர்வை வாங்கினாயா?' 'வாங்கியாச்சு. நீலம். நன்றி மிஸ்.' மாநாட்டு மலரில் லொரெய்ன் அவளைப் பற்றியே நாலு வரி எழுதியிருந்தாள்.

எட்டரைக்கு கோரினின் கைபேசி அடித்தது. அவள் வெளியே போனாள். மடக்கிய நாற்காலிகளைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்த நடைபாதை.

"மிஸ் கோரினா?"

"ஆமா. அராசெலியா?"

பின்னால் இயந்திரப் பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அவ அம்மா, ஒஃபேலியா. ஆப்பிள் பேக்கிங் ஷெட்ல இருக்கேன். பத்து நிமிஷம்தான் பிரேக், சுருக்கமா சொல்லிடறேன். அராசெலி ஜூன் இருபதாம் தேதி தவறிட்டா. கார் மோதிடுச்சு. அவ ஓட்டல, பக்கத்துல உக்காந்திருந்தா."

கோரின் நாற்காலிகளை எண்ணினாள். பதினான்கு.

"முதல் ரெண்டு பதில் அவ எழுதினது. மிச்சமெல்லாம் அவ போன்லேர்ந்து நான். தப்புதான், தெரியும்."

"இல்லங்க..."

"போர்வை நிஜமாவே வாங்கினேன் மிஸ். அது பொய் இல்ல. வாத்தியாரைப் போய்ப் பாத்தியான்னு கேட்டீங்களே, பாத்தேன்னு போட்டேன். அது பொய். இன்னும் ரெண்டு மூணு இருக்கும்."

கோரின் கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"காட்டணும்னா காட்டிக்கோங்க. ஆனா நிறுத்திடாதீங்க. செவ்வாய்க்கிழமையானா யாரோ அவ பேரப் போட்டு ஏதோ கேக்கறீங்க. இப்போ வேற யாரும் அவகிட்ட ஒண்ணும் கேக்கறதில்ல."

எங்கோ மணி அடித்தது. "போகணும்" என்று வைத்துவிட்டாள்.

கோரின் அறைக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தாள். நாற்பத்தொன்றின் முதல் இரண்டு பதில்கள்: 'ஹாஹா சரிஇ', 'நாளைக்கு பண்றேன் ப்ராமிஸ்'. மூன்றாவது: 'ஆம். நன்றி மிஸ்.' இருபத்தொரு வாரமாக இந்த மாற்றம் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கிறது. அவள் கண்ணிலும்தான். எண்ணிக்கையைத்தான் பார்த்தார்கள்.

ஒவ்வொரு பதிவிலும் 'காலமானார்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் குறி போட்டால் பதிவு மூடிக்கொள்ளும், அந்தப் பதிவுக்குச் செய்தி நின்றுவிடும். குறி போடாவிட்டால் இறந்த பெண்ணைப் படிப்பவளாகக் காட்டுகிற அறிக்கையில் கோரின் கையெழுத்துப் போட வேண்டும். அவள் புள்ளியியல் படித்தவள். கட்டத்தின்மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அழுகை வருமோ என்று பார்த்தாள். வரவில்லை. வாயில் முட்டையின் ருசி மட்டும் இருந்தது.

கட்டத்தைத் தொடாமல், நாற்பத்தொன்றின் பதில்களைக் காட்டும் ஸ்லைடை மட்டும் உரையிலிருந்து நீக்கினாள். சதவீதங்களை மறுபடி கணக்கிட்டு மாற்றினாள்.

பத்து மணிக்குப் பேசினாள். குரல் நன்றாகவே வந்தது. மைக்குக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதுபோல இருந்தது.

கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒருவர் மலரைத் தூக்கிக் காட்டினார். "எல்லாத்துக்கும் பதில் போட்ட பொண்ணுன்னு இதுல போட்டிருக்கே, அவ எங்க, காணோமே?"

லொரெய்ன் கோரினைப் பார்த்தாள்.

"அந்த எண்ணை எடுத்துட்டோம். பதில் போட்டது மாணவி இல்ல."

"அப்போ ரோபோவா?"

"அவங்க அம்மா."

அரங்கமே சிரித்தது. "அதானே பாத்தேன்!" என்றது ஒரு குரல். "எங்க காலேஜ்ல அம்மாங்கதான் வீட்டுப்பாடமே எழுதறாங்க" என்றார் இன்னொருவர். மேலும் சிரிப்பு. கோரின் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு அடுத்த ஸ்லைடுக்குப் போனாள்.

முடிந்ததும் லொரெய்ன் அவளைக் காபி மேசைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? மேடையிலயா சொல்வாங்க? அம்மான்னா என்ன, 'குடும்பப் பங்கேற்பு'ன்னு தலைப்பு குடுத்திருந்தா இன்னும் நல்லாவே..."

"அராசெலி ஜூன்ல இறந்துட்டா."

லொரெய்ன் கையில் பிஸ்கட் இருந்தது. அதைத் திரும்பத் தட்டில் வைத்தாள். பிறகு எடுத்துக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நான் அவளைப் பாத்திருக்கேன்" என்றாள். "இன்டர்வியூக்கு அண்ணனோட சட்டையைப் போட்டுட்டு வந்தா." விரலில் ஒட்டிய துகளைத் தட்டிவிட்டு, "பதிவை மூடிட்டியா?"

"இல்ல. மூடினா செய்தி நின்னுடும். நிறுத்தாதீங்கன்னு கேட்டாங்க."

"மூடித்தான் ஆகணும் கண்ணு. மாணவர் பட்டியல்ல அவளை வெச்சுக்க முடியாது. எனக்கு மட்டும் என்ன, ஆசையா?"

"தெரியும்."

பத்து ஐம்பதுக்கு இருவர் கைபேசியும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. சோதனைச் செய்தி. பிள்ளைகளுக்குப் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால், பிழை பார்ப்பதற்காக ஊழியர்களுக்கு மட்டும் வருவது. 'கோரின், குளிர்காலப் பருவத்துக்கு வகுப்புகளைப் பதிவு செய்துவிட்டாயா? வெள்ளி, நவம்பர் 22 கடைசி நாள்.'

"சரியா இருக்கு" என்று லொரெய்ன் பையை மூடினாள்.

கோரின் கைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அங்கேயே தரையில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். நாற்பத்தொன்றின் கட்டத்தில் குறி போட்டாள். பதிவு சாம்பல் நிறமானது. சோதனைப் பட்டியலைத் திறந்தாள். அதில் இரண்டு பேர். அந்தப் பட்டியலை யாரும் எண்ணுவதில்லை, எந்த அறிக்கையிலும் அது வருவதில்லை. மூன்றாவது வரியில் ஒஃபேலியா கூப்பிட்ட அந்த எண்ணைப் போட்டாள். பெயருக்கான இடத்தில் 'அராசெலி' என்று எழுதினாள். சோதனையை மறுபடி அனுப்பினாள்.

லொரெய்ன் மேலேயிருந்து திரையைப் பார்த்தாள். தன் கைபேசியில் இரண்டாம் முறை வந்த அதே செய்தியை அழித்தாள்.

பத்து ஐம்பத்தேழுக்குப் பதில் வந்தது. பெல்ட்டில் நின்றபடியே எழுதியிருக்க வேண்டும்.

'இன்னைக்கு சீக்கிரம் வந்துடுச்சு மிஸ். வெள்ளி 21 இல்லையா?'

கோரின் நாட்காட்டியைப் பார்த்தாள். இருபத்தொன்றுதான். 22ஐ 21 ஆக்கினாள். பதினோரு மணிக்கு அது அறுபத்தொரு பேருக்குப் போனது.

'ஆமாங்க, 21தான். மாத்திட்டேன். இனிமே உங்களுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே வரும்' என்று எழுதினாள். நன்றி என்று சேர்த்தாள். அது போதாது என்று தோன்றியது. அப்படியே அனுப்பினாள்.

'சரி மிஸ்' என்று வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று: 'வகுப்புக்குப் பதிவு இன்னும் பண்ணல.'

அடுத்த அமர்வுக்கு மணி அடித்தார்கள். லொரெய்ன் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். கோரின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேடையில் ஒருவர் வேறொரு ஊரின் எண்களைக் காட்டத் தொடங்கினார். அவள் குறிப்பேட்டைத் திறந்து தேதியை எழுதினாள். அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.