செருகி மடியில் இருந்தது

தில்லையடியில் எங்கள் வீட்டின் பின்புறத்தில், தகரக் கூரையிட்ட சிறிய தச்சுக்கூடம் ஒன்று உள்ளது. அதனை நானும் என் கணவரின் தங்கை பஸீஹாவும் நடத்தி வருகின்றோம். என் பெயர் உம்மு குல்சூம். ஐந்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திய நான், நாற்பத்து நான்காம் வயதில் மதுரங்குளிக்குப் பஸ் ஏறிச் சென்று, ஆறு மாத காலத் தச்சுப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றேன். அச்சான்றிதழுக்கு உரிய சட்டத்தை என் கையாலேயே செய்து, வட்டவாள் மேசைக்கு நேர் மேலே சுவரில் ஆணி அறைந்து தொங்கவிட்டேன்.

வட்டவாள் என்பது மேசையின் நடுவே பற்களுடன் சுழலும் உருக்குத் தகடாகும். மரம் எது, விரல் எது என்று அது பிரித்தறியாது. ஆகையால், பயிற்சிக் கைந்நூலில் கண்ட விதிகள் அனைத்தையும் நான் கூடத்தில் நடைமுறைப்படுத்தினேன். தலைச்சீலையின் முனையைச் சட்டைக்குள் செருகி ஊசி குத்திய பின்னரே வாளின் அருகே செல்ல வேண்டும். அருகிலுள்ள களப்பின் உவர்நீர்மேல் வரும் காற்றில் உப்பு கலந்திருப்பதால், மாலைதோறும் தகட்டைத் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெய் பூச வேண்டும். எல்லாவற்றிலும் மேலான விதி ஒன்று உண்டு. வாளில் கை வைப்பவர், அதன் மின் செருகியைச் சுவரிலிருந்து கழற்றித் தம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பஸீஹாவுக்கு இவ்விதி பெரும் நகைச்சுவையாக இருந்தது.

"பிளக்க மடியில வெச்சி தாலாட்டவா மதினி?" என்பாள். "புள்ளயெண்டாலும் அழுது காட்டும். இது சும்மா கிடக்குது."

"தாலாட்டினாலும் பரவாயில்ல. கண்ணுக்குத் தெரியிற இடத்துல ஈக்கணும்."

"ஓம் டீச்சர்."

அவளுடைய வலக்கை இரண்டு தொழில்களுக்கு உரியது. பகலில் மரவேலை செய்யும் அக்கை, மாலையில் அபாயாக்களின் ஓரங்களில் பூ வேலை தைக்கும். அந்த வருமானத்திலேயே அவளுடைய இரு பெண்மக்களும் படிக்கின்றனர். இதனை நான் நன்கு அறிந்திருந்தேன்.

நோன்பு மாதத்துக்குச் சில வாரங்கள் இருக்கையில், மதரஸா ஒன்றிலிருந்து நாற்பது ரிஹால்களுக்குக் கட்டளை கிடைத்தது. ரிஹால் என்பது குர்ஆனை விரித்து வைத்து ஓதும் மடிப்புப் பலகையாகும். ஒருநாள் நண்பகலில், நான் வேப்பம் பலகை ஒன்றைப் பாதிவரை அறுத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தடைப்பட்டது. வாள் மெல்ல ஓய்ந்து, பலகைக்குள் இறுகி நின்றுவிட்டது. அவ்வேளையில் பள்ளிவாசலில் ளுஹர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது.

"இண்டைக்கி எனக்குத் தொழுகை இல்ல. நீங்க பொய்த்து வாங்க மதினி," என்றாள் பஸீஹா. "நான் இந்தத் துண்டக் கழட்டி வெக்கிறன்."

நான் கை கால் கழுவி, வுழூச் செய்து, அறைக்குள் சென்று தொழ நின்றேன். தொழுகையின் இரண்டாம் ரக்அத்தில் தலைக்கு மேலே காற்றாடி அசைந்தது. பின்னர் வேகமாகச் சுழன்றது. மின்சாரம் திரும்பிவிட்டது.

அக்கணத்தில்தான் எனக்கு நினைவு வந்தது. நான் வாளின் ஆளியை, அந்தச் சுவிட்சை, நிறுத்தவில்லை. செருகியையும் கழற்றவில்லை. சான்றிதழ் பெற்றவளும் விதிகளை ஓதியவளும் நானே. அவற்றை மறந்தவளும் நானே. பஸீஹாவின் விரல்கள் இப்பொழுது வாளின் பற்களுக்கு இடையே இருக்கும்.

தொழுகையை இடையில் முறித்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே காதைக் கூர்மையாக்கினேன். வாள் எழுப்பும் கீச்சொலி கேட்கவில்லை. அலறலும் கேட்கவில்லை. சமையலறையில் வானொலி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கூடத்தில் பஸீஹா முக்காலியில் அமர்ந்திருந்தாள். அவளுடைய வலக்கை விரல்கள் வாளுக்கும் பலகைக்கும் நடுவே இருந்தன. செருகியோ, வயருடன் சுருண்டு அவள் மடியில் கிடந்தது.

"என்ன மதினி, அதுக்குள்ள சலாம் கொடுத்திட்டீங்களா? பறந்தா தொழுதீங்க?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சுவிச்ச நான் நிப்பாட்டல்ல," என்றேன். "போட்டபடி பொய்த்திட்டன்."

பஸீஹா ஆளியைப் பார்த்தாள். பிறகு மடியைப் பார்த்தாள். வாளுக்குள்ளிருந்து விரல்களை ஒவ்வொன்றாக, மிக மெதுவாக எடுத்தாள்.

"நான் சுவிச்சப் பார்க்கவே இல்ல," என்றாள் தாழ்ந்த குரலில். "கை வெக்க முந்திப் பிளக்கக் கழட்டினன். அவ்வளவுதான். நாளைக்கி நூறு தரம் சொன்னா மைனாவுக்கும் பாடமாகிரும் மதினி."

"மைனா எண்டு உன்ன நான் சொல்லல்ல."

"நானே சொல்றன். அழாதீங்க. மரத்தூள் கண்ணுல ஒட்டும்."

நான் அந்தக் கையைப் பற்றி விரல்களை எண்ணினேன். ஐந்தும் வெதுவெதுப்பாக இருந்தன. ஊசி குத்திய பழைய தழும்புகளும் இருந்தன. பின்னர் அறைக்குத் திரும்பி, முறித்த தொழுகையை முதலிலிருந்து தொழுது முடித்தேன். நன்றிக்காக மேலும் ஒரு முறை நெற்றியை நிலத்தில் வைத்தேன். அல்லாஹ்வுக்கு நன்றி கூறிய பிறகும், கூற வேண்டிய நன்றி மிஞ்சியிருந்தது. ஆயினும் அதனை பஸீஹாவிடம் நேரில் கூற என்னால் இயலவில்லை. கூறினால் அவள் சிரித்துக் கலைத்துவிடுவாள்.

அடுத்த வாரம் சிலாபத்திலிருந்து வேறு வகையான ஆளி ஒன்றைத் தருவித்துப் பொருத்தினோம். மின்சாரம் அற்றுப்போனால் அது தானே நிறுத்த நிலைக்கு விழுந்துவிடும். மீண்டும் கையால் அழுத்தும்வரை வாள் இயங்காது. அது பொருத்தப்பட்ட அன்று, கழற்றிய செருகியை மாட்டி வைப்பதற்கு வாளின் அருகே ஓர் இடம் தேடினோம்.

"இடம் ஈக்கிதான்," என்று பஸீஹா சுவரைச் சுட்டினாள். "ஆனா அதுல டீச்சர்ட சட்டிபிக்கட் தொங்குது."

நான் முக்காலியில் ஏறிச் சான்றிதழை இறக்கினேன். அது இப்போது வீட்டு முன்னறையில் உள்ளது. ஆணி பழைய இடத்திலேயே இருக்கின்றது. வாளில் எவர் கை வைத்தாலும், நிமிர்ந்தால் கண்ணுக்கு நேரே செருகி தொங்குவதைக் காணலாம். பஸீஹா மட்டும் அவ்வாணியைப் பயன்படுத்துவதில்லை. அவள் இன்னமும் அதனை மடியில்தான் வைத்துக்கொள்கின்றாள்.