கட்டம் வெள்ளை

"சித்தி, எடுங்க அதை! அது அம்மாவுக்கு வெச்சதில்ல!"

மகள் போட்ட சத்தத்தில் அறையிலிருந்த அழுகை சட்டென்று நின்றது. கையில் நீல நிற ஐஸ் பேக்குடன் சித்தி கட்டிலருகே திகைத்து நின்றாள். மற்ற மூன்றையும் அக்காவின் விலாப்பக்கம் செருகி முடித்திருந்தாள்.

"அவளுக்கு வைக்காம வேற யாருக்குடி வைக்கறது? உன் தம்பி வந்து சேரவே சாயங்காலம் ஆகும். ஐஸ் பெட்டிக்காரன் இதோ வரேன் அதோ வரேன்னு கழுத்தறுக்கறான். வெயிலைப் பாத்தியா?"

சித்தியைச் சொல்லிக் குற்றமில்லை. ஃப்ரீசரைத் திறந்தாள், ஐஸ் இருந்தது, எடுத்துவிட்டாள். அது தடுப்பூசி மருந்துக்கான ஐஸ் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அம்மா ஊருக்கே நர்ஸம்மா; நர்ஸம்மாவின் ஃப்ரிட்ஜை நர்ஸம்மாவைத் தவிர யாரும் தொட்டதே கிடையாது. சின்ன வயதில் ஒரு தண்ணீர் பாட்டிலை அதற்குள் வைத்துவிட்டு மகள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

விடியற்காலையில் அம்மாவின் மூச்சு நின்றபோது மகளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. அப்பாடா, இனி வலிக்காது என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. கடைசி நாட்களில் அம்மா பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் அவள்.

நேற்றுகூடக் கேட்டாள், "எப்படிம்மா இருக்கு?"

"கட்டம் கறுத்துக்கிட்டு வருதுடி," என்றாள் அம்மா. சிரிக்கவும் பார்த்தாள்.

அது அந்த வீட்டுப் பேச்சு. மருந்துக் குப்பியின் மேல் சின்னதாக ஒரு வட்டம், அதற்குள் ஒரு கட்டம் இருக்கும். கட்டம் வெளுப்பாக இருந்தால் மருந்து நல்ல மருந்து. சூடு பட்டால் கட்டம் கறுத்து வட்டத்தோடு கலந்துவிடும், பிறகு குப்பையில்தான் போடவேண்டும். பரீட்சையில் தேறியதையும், பிரசவம் நல்லபடியாக முடிந்ததையும் மகள் அம்மாவுக்குச் சொன்னது இரண்டே வார்த்தையில்தான்: கட்டம் வெள்ளை.

சிரித்து முடித்துவிட்டு அம்மா இன்னொன்றும் சொன்னாள். "நாளைக்கு மலைக்கு ஜீப்பு போயாகணும். மழை இறங்கிட்டா பாதை போயிடும்."

ஜீப் வாசலில்தான் நின்றது. டிரைவர் அண்ணன் உள்ளே வந்து கும்பிட்டுவிட்டு, கேட்க வாய் வராமல் மறுபடி வெளியே போய் நின்றிருந்தார். வெளியே வந்த மகளைப் பார்த்ததும் மென்று விழுங்கினார்.

"இன்னிக்கு இல்லேன்னு மேல போய்ச் சொல்லிட்டு வந்துடட்டுமாம்மா? சின்ன நர்ஸும் டீச்சரும் பள்ளிக்கூடத்துல காத்துக்கிட்டு இருப்பாங்க."

காத்திருப்பவர்கள் அவர்கள் மட்டுமா? காட்டுக்குள்ளிருந்து கைக்குழந்தைகளோடு நடந்து வருகிற தாய்மார்கள் இந்நேரம் பாதி வழியில் இருப்பார்கள். ஊசி போட வருகிற பிள்ளைகள் வெயிலில் நிற்கவேண்டாம் என்று அம்மா போடவைத்த கொட்டகைதான், பிறகு கரும்பலகை வந்து, டீச்சர் வந்து, பள்ளிக்கூடமானது. போன மழையில் பாதை அடைபட்டிருந்தபோது அங்கே தட்டம்மை பரவி இரண்டு குழந்தைகள் போய்விட்டன. அம்மா அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவே இல்லை.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். மலையுச்சியில் கறுப்பாக மேகம் திரண்டிருந்தது.

"போயாகணும் அண்ணே. மருந்து ஃப்ரிட்ஜுலதான் இருக்கு. பெட்டியை எடுத்துட்டு வாங்க."

உள்ளே வந்து அம்மாவின் பக்கத்திலிருந்து ஐஸ் பேக்கை உருவப்போனாள். சித்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? செத்தவ உடம்புல கிடந்ததைப் பச்சைப்புள்ளைங்க மருந்தோடயா வைப்பே?"

"சோப்பு போட்டுக் கழுவினா போகாததா சித்தி?"

"அப்ப இவ? இவ உடம்பு என்னாகும்?"

மகள் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வாரமாகச் சுருங்கியே இருந்த நெற்றி இப்போது விரிந்திருந்தது. "ஃபேனை இன்னும் கொஞ்சம் கிட்ட வைங்க," என்றாள்.

உருவியெடுத்த ஐஸ் பேக் ஈரமாக வழுக்கியது. உருகிப்போயிருந்தால்? ஐஸ் இல்லாமல் இந்த வெயிலில் மருந்து மலையேறாது. காதருகே கொண்டுபோய் ஆட்டினாள்.

களக்.

உள்ளே ஐஸ் கட்டியாகத்தான் இருந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சமாகத் தண்ணீர் அசைந்தது. இன்னொன்றை ஆட்டினாள். அதுவும் களக்.

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னடி?" சித்தி பயந்துவிட்டாள்.

"கல்லு மாதிரி இருக்கற ஐஸை அப்படியே வைக்கக் கூடாது சித்தி. மருந்தும் உறைஞ்சு கெட்டுடும். ஐஸ் முதல்ல வேர்க்கணும்னு அம்மா சொல்லும். மேஜைல பரப்பி வெச்சுட்டு, ஒவ்வொண்ணா காதுகிட்ட ஆட்டி ஆட்டிப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கும் அம்மா பக்கத்துல இருந்துதான் வேர்த்திருக்கு."

சித்தி தன் கையில் இருந்த நான்காவதைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். அதில் சத்தமே இல்லை. தலைப்பைச் சுற்றி அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இருடி, இது வேர்க்கட்டும்," என்றாள்.

ஜீப் கிளம்பிப் போன கையோடு ஐஸ் பெட்டிக்காரன் வந்துசேர்ந்தான். சித்தி அவனை ஒரு பிடி பிடித்தாள்.

தம்பி வருவதற்கு முன்பே ஜீப் திரும்பிவிட்டது. டிரைவர் அண்ணன் தொப்பலாக நனைந்திருந்தார். மேலே மழை பிடித்துக்கொண்டதாம். மருந்துப் பெட்டியோடு நேரே உள்ளே வந்தவர், எப்போதும் நிற்பதுபோல் கொஞ்சம் தள்ளி நின்று அம்மாவிடமே சொன்னார்.

"சிஸ்டர், எல்லாப் புள்ளைங்களுக்கும் போட்டாச்சு. கட்டம் வெள்ளை."

சொல்லிவிட்டு நின்றார். "சரி, போய்ச் சாப்பிடு" என்று அம்மா சொன்ன பிறகுதான் அவர் நகர்வது வழக்கம். கால்கள் அதற்காகக் காத்திருந்தன. மகள் சித்தியைப் பார்த்தாள்.

"சரிப்பா," என்றாள் சித்தி மூலையிலிருந்து. "போய் ஏதாவது சாப்பிடு."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மகள் பெட்டியைத் திறந்து, முழுக்கத் தண்ணீராகிவிட்ட ஐஸ் பேக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து ஃப்ரீசரில் அடுக்கினாள். சித்தி வந்து கதவைச் சாத்தினாள்.