குளிருக்கு ஒரு டம்ளர்

"குடிச்சப்பகூட ஒழுங்கா வேலைக்குப் போனியேய்யா. நிறுத்திட்டு இப்படிச் சுவத்தைப் பாத்துப் படுத்தா நான் என்னதான் பண்றது?"

ஐஸ்காரர் மனைவியின் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்டது. நான்காவது வீட்டுக்காரி, காதில் சரியாக விழவில்லை என்று மூன்றாவது வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"கை மடங்கலடி. மனசும் எழும்பல" என்றார் அவர்.

மீன் குளிர்கிடங்கில் பெட்டி தூக்குகிறவர். உறைபனி அறைக்குள் போகுமுன் மேஸ்திரி ஆளுக்கொரு டம்ளர் சாராயம் ஊற்றுவார். குளிர் உறைக்காது, பெட்டியும் கூடுதலாக நகரும். காலை டம்ளர் மாலையில் பாட்டிலாக வளர்ந்ததற்கு மேஸ்திரி என்ன செய்வார், பாவம்.

பிறகு விரல் கணுவெல்லாம் வீங்கியது. வலிக்குக் குடித்தார், குடித்ததில் இன்னும் வீங்கியது. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா குடியை நிறுத்த மருந்து கொடுத்து, குடி உடம்புக்குள் அழற்சியைக் கிளப்பும், அது மனசையும் அமுக்கலாம், தெளிய நாளாகும் என்றாராம். ஐஸ்காரர் மனைவி இதைக் குழாயடியில் சொன்னபோது எல்லோரும் பக்குவமாகத் தலையாட்டினோம். அவள் குடம் மறைந்ததும் சிரித்தோம். குடிகாரனுக்கு மனசு வலியாம்.

மறுநாள் வராவிட்டால் வேறு ஆள் என்று மேஸ்திரி சொல்லியனுப்பியிருந்தார். சண்டை அதற்குத்தான். கத்தி ஓய்ந்தவள், இத்தனை வருஷம் பாட்டில்களை உடைத்தவள், தானே கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்து அவர் தலைமாட்டில் வைத்தாள்.

அவர் எழுந்து உட்கார்ந்து நெடுநேரம் அதையே பார்த்தார். "இதைக் குடிச்சா நாளைக்கு எழுந்து போயிடுவேன். அப்புறம் என்னிக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

அவள் அதைச் சாக்கடையில் கவிழ்த்தாள். விடிந்ததும் கிடங்குக்குப் போய், கொஞ்ச நாளைக்கு உறைபனி அறைக்கு வெளியே வேலை கொடுக்கச் சொல்லிக் கேட்டாள்.

"குடிகாரனை எப்படிம்மா வச்சுக்கறது?" என்றார் மேஸ்திரி.

"அவர் நிறுத்திட்டாருங்க."

"அதான் பாத்தேனே. குடிச்ச வரைக்கும் நல்லாத்தான் வேலை பாத்தான்."

அந்த மாதமே அவளுடைய அண்ணன் ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே ஐஸ்காரர் ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு இருக்கிறாராம். நன்றாகத் தூங்குகிறாராம், சிரிக்கக்கூடச் செய்கிறாராம். மேஸ்திரி தன் மகளை கிடங்கு முதலாளியின் தம்பி மகனுக்கே கட்டிக்கொடுத்துவிட்டார். ஐஸ்காரர் இருந்த வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்திருக்கிறது. பையன் சோடாகூடத் தொடமாட்டான். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவன் தெருமுனையில் நின்று அந்த வீட்டை விசாரித்தால் சின்னப் பிள்ளைகள்கூடக் கை நீட்டிக் காட்டுகிறார்கள்: "குடிகாரன் வீடா? அதோ, அந்தப் பச்சைக் கதவு."