சின்னப்பன் பெயர் வெட்டிய தூம்பா

மாதா சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட நான் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. எண்பத்து நாலாம் வருஷம், பொம்மிடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் சின்னப்பன் செத்த அன்று, அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்த அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும் முன்பே, பக்கத்து வீட்டு ராயம்மாள் அதன் காதைப் பிடித்துக்கொண்டாள்.

“ராஜமேரி, இது எங்க வூட்டு அண்டா. ஆறு வருசமா தேடறேன்.”

“பேரைப் பாருங்க சித்தி. எங்கப்பன் பேருல்ல வெட்டியிருக்குது?”

“பேருக்குக் கீழ தடவிப் பாரு. என் மாமனார் பேரச் சுரண்டுன பள்ளம் அப்பிடியே கெடக்குது.”

ராஜமேரி தடவினாள். பள்ளம் இருந்தது.

இரவல் வாங்கிய பொருளில் பெயரை வெட்டிவிட்டால் அது தன்னுடையது. இதுதான் அவள் அப்பனின் சட்டம். அதற்கென்றே இடுப்பில் ஒரு சின்ன உளி வைத்திருப்பார்.

சேதி பரவியது. அழ வந்தவர்களில் பாதிப் பேர் கையில் சாக்கு இருந்தது. சித்தேரி மலையிலிருந்து தீர்த்தன் கிடைத்த முதல் பஸ்ஸில் இறங்கி வந்து தன் எருமையைக் கண்டுபிடித்தார். கொம்பில் ‘சின்னப்பன்’. எருமை வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை ஊரே பார்த்தது. டிரான்சிஸ்டர் போனது, ஏணி போனது. கோழிகள் தாமாகவே பழைய வீடுகளுக்கு நடந்தன. கட்டிலுக்குச் சொந்தக்காரன் மட்டும் மரியாதை தெரிந்தவன். பிணத்தை எடுக்கும்வரை கட்டிலின் ஒரு காலைப் பிடித்தபடி பொறுமையாக நின்றான்.

ராஜமேரி அப்பனின் சட்டையை உதறிப் பார்த்தாள். அதிலும் வேறு வீட்டுச் சலவைக்குறி.

“எங்கப்பனுதுன்னு ஒண்ணு... ஒரே ஒண்ணு இல்லியா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மாதா கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சவரி, தூம்பா என்கிற ஊர்ப் பொதுச் சவப்பெட்டியைக் கொண்டுவந்தார். ஊரில் யார் செத்தாலும் அதில்தான் கல்லறைக்குப் போவார்கள். ஆளை இறக்கிவிட்டு அது கோயிலுக்குத் திரும்பிவிடும். தூசி தட்டக் கவிழ்த்தார்கள். அடிப்பலகையில், ஆழமாக: ‘சின்னப்பன்’.

“அடப் பாவி மனுசா! பொஞ்சாதிய எடுத்தப்ப ஒரு ராத்திரி இங்க இருந்துச்சு, அதுக்குள்ளயா?” என்றார் சவரி.

கூட்டம் கொதித்தது. “இதுல ஏத்தாதீங்க! பாயில சுத்தித் தூக்கிட்டுப் போங்க!”

ராஜமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“சவரி மாமா, அவங்கவங்க பொருளை அவங்கவங்க எடுத்துக்கிட்டாங்க. நான் தடுத்தனா? இந்தத் தூம்பா யாருதுன்னு சொல்லுங்க. சொந்தக்காரங்க முன்னால வந்து, ‘இது என்னுது’ன்னு கைய வைக்கட்டும்.”

ராயம்மாள் அண்டாவோடு இரண்டடி பின்னால் போனாள்.

“கட்டில்காரண்ணா, உங்களுதுங்களா?”

“ஐயோ, எனக்கு வேணாம் தாயி!”

“அப்ப இது எங்கப்பனுது. இன்னைக்கு அவரு போவட்டும். திரும்பி வந்ததும் ஊருக்கே குடுத்துடறேன்.”

சவரி சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு மணியை அடித்தார். கட்டில்காரன்தான் முதலில் தோள் கொடுத்தான்.

சாயங்காலம் தூம்பா காலியாகத் திரும்பியது. கோயில் வாசலில் ராஜமேரி அதைக் கவிழ்க்கச் சொல்லி, எழுத்துகளில் அடைந்திருந்த மண்ணை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு செத்தவர்கள் எல்லோரும் அதில்தான் போனார்கள், ராயம்மாள் உட்பட.

சின்னப்பன் சாகும்வரை கைநாட்டு. அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் ராஜமேரி ஒருத்திதான்.