பஞ்சை அழுத்திப் பிடித்தவள்

தையற்காரிக்குப் பெருங்குடலில் புண். போகிற இடமெல்லாம் முதலில் கழிவறை எங்கே என்று பார்த்துவைக்கச் சொல்லும் நோய். மணப்பெண்ணுக்கு அளவெடுக்கும்போதுகூட நாடாவைக் கழுத்தில் போட்டபடி ஓடியிருக்கிறாள். ராணியம்மா சிம்மாசனத்துக்குப் போயிருக்கிறார் என்று புருஷன் வாடிக்கைக்காரர்களிடம் சமாளிப்பான்.

மாத்திரைகள் கைவிட்ட பிறகு, மருத்துவர் சொட்டு சொட்டாக ஏற்றும் மருந்துக்கு ஏற்பாடு செய்தார். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிப் புண்ணை ஆற்றுமாம். அவளுக்குச் சின்னம்மை வந்ததே இல்லை என்று பரிசோதனையில் தெரிந்ததால், முதலில் அதற்கான தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். மருந்து ஏறத் தொடங்கிவிட்டால் அந்த ஊசி போட முடியாது. அப்போது அம்மை கண்டால் நுரையீரல்வரை இறங்கிவிடும் என்றார்.

வெளியே பெஞ்சில் அதே நோய்க்காரரான பேருந்து நடத்துனர் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஓர் ஊசி போட்டதிலிருந்து குடல் ரத்தமாகக் கொட்டியது என்றார். மருத்துவர் சொன்னது காதோடு நின்றது. நடத்துனர் சொன்னது அடிவயிற்றில் இறங்கியது.

அவளைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தம் போவதைப் பார்த்துப் பார்த்து மிரண்டவள். ஊசி போடும் இடத்தில் புருஷனை வாசலிலேயே நிறுத்தினாள். உள்ளே கழிவறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பையிலிருந்த பஞ்சைக் கையில் அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்தாள். வலிக்கிறதா என்று கேட்டு அவன் பையை வாங்கிக்கொண்டான். மருத்துவரிடமும் போட்டாயிற்று என்றே சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து ஏற்றிய மருந்து நன்றாகவே கேட்டது. ஓட்டம் நின்றது, கன்னத்தில் சதை வைத்தது. தன் சாமர்த்தியத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

ஒரு நாள் மத்தியானம் தங்கை போனில் அழுதாள். அவள் பெண்ணுக்கு அம்மை கண்டிருந்தது. தங்கையோ பிள்ளைத்தாய்ச்சி, மாப்பிள்ளை லாரியோடு வெளியூரில்.

"எனக்கும் வந்ததில்லக்கா. வயித்துல ஒண்ணு இருக்கறப்ப பாப்பா பக்கத்துல போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

புருஷன் போனை வாங்கினான்.

"இதுக்கா அழற? உங்கக்காதான் ஊசி போட்டிருக்காளே. நானே வந்து கூட்டிட்டு வரேன்."

அவள் வாய் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. திரும்பத் திரும்ப அழைத்தாள். வண்டி ஓட்டுகிறவன் எடுக்கவில்லை. பாதி தைத்த ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்திருந்தாள். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வாசலை எட்டிப் பார்த்தாள்.

வந்துவிட்டார்கள். குழந்தையின் நெற்றியெல்லாம் நீர் கோத்த கொப்புளங்கள். அவன் இறக்கிவிட்டதும் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தது.

"பெரியம்மா, அரிக்குது."

அவள் உட்கார்ந்தபடியே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். குழந்தை மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"என்னடி, குழந்தை ஏங்கிப் போயிருக்கு. உனக்கென்ன பயம்?"

"நான் அந்த ஊசியைப் போட்டுக்கலைங்க."

அவனுக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் பாய்ந்து குழந்தையைப் பிடித்து இழுத்தான். அதுவோ வீறிட்டு அழுதுகொண்டு, அவள் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.